கலிமாவின் பெரிய வீடு

மலாமா மண்வெட்டியை ஓங்கின நேரத்தில், மண்வெட்டிக்கும் பூசணிக்கொடிக்கும் நடுவில் அவன் மனைவி வந்து நின்றாள்.

"முதல்ல என்னை வெட்டுங்க லோம்பே அப்பா. அப்புறம் கொடியை வெட்டலாம்."

"தள்ளு லோம்பே அம்மா. இது பூசணித் தோட்டம் இல்ல. நம்ம ஊரை உண்டாக்கின கலிமா குடியிருந்த பெரிய வீடு."

"வீடா? சுவரு எங்க? கூரை எங்க?"

"எல்லாம் மண்ணுக்குள்ள."

"பூசணி மண்ணுக்கு வெளியதான இருக்கு? அது கண்ணுக்குத் தெரியலையா?"

தெரியாமல் என்ன! ஊரிலேயே அந்த மூலையில்தான் பூசணி அப்படிக் காய்க்கும். மற்ற இடத்தில் தேங்காய் அளவு. இங்கே ஒரு காயைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஏன் இங்கே மட்டும் இப்படி என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. காய்க்கிற மண்ணிடம் போய் யார் காரணம் கேட்பார்கள்?

மலாமா சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் போட்ட படம். தலைநகர் லுசாக்காவில் நில அளவை ஆபீசில் வேலை பார்க்கிற அக்கா மகன் ஜெராக்ஸ் எடுத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பியது. குன்று இருந்தது, ஓடை இருந்தது, ஓடை வளைகிற இடத்தில் ஒரு ஊரும் இருந்தது. ஊரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தைத்தான் கரையான் தின்றுவிட்டது. ஜெராக்ஸில் அங்கே கறுப்பாக ஒரு கறை.

"கரையான்கூட அக்கரைச் சிறுத்தைக் குலம் போலிருக்கு" என்று மலாமா அன்றைக்கே பல்லைக் கடித்தான்.

அவன் அவசரம் அவனுக்கு. சனிக்கிழமை ராஜா வருகிறார். ராஜா என்றால் தங்கத் தேரில் வருகிறவர் இல்லை. பழைய பிக்கப் வண்டியில் வருகிற எங்கள் வட்டாரத்து ராஜா. ஆனால் அவர் வாயிலிருந்து வார்த்தை விழுந்தால் விழுந்ததுதான். போன மாதம் இரண்டு ஊர்த்தலைவர்களையும் கூப்பிட்டபோது அப்படி ஒன்று விழுந்துவிட்டது.

"ஓடைக்கு இந்தப் பக்கம் கலிமா, அந்தப் பக்கம் முன்யேலே. ரெண்டும் சேர்ந்தாலும் ஒரு ஊர் தேறாது. ரெண்டையும் ஒண்ணா எழுதப்போறேன். ஒரு பேருதான் நிக்கும். இந்த ஓடைக்கரைக்கு முதல்ல வந்தது யாருன்னு காட்டுங்க. காட்டுறவங்க பேரை வைக்கிறேன்."

காட்டுங்க என்றால் எதைக் காட்டுவது? எங்கள் பக்கத்தில் மண் களைத்துப்போனால் ஊரே எழுந்து வேறு காட்டுக்குப் போய்விடும். கலிமா ஊரும் அப்படி எங்கெங்கோ சுற்றிவிட்டு, மலாமாவின் தாய்மாமன் காலத்தில்தான் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. பழைய வீடு எங்கே இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. தாய்மாமன் கண் மூடுகிற நேரத்தில் மலாமாவின் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "பேரை விட்றாத."

ஊர்த்தலைவன் என்றாலும் சைக்கிள் கடை வைத்துப் பிழைக்கிறவன் மலாமா. யார் பஞ்சருக்கும் அவன் கலங்கினதில்லை. இதற்குக் கலங்கினான்.

"லோம்பே அம்மா, ஊர் பேரு போச்சுன்னா, செத்துப்போன எங்க மாமனை எந்த ஊர்க்காரர்னு சொல்லிக் கும்பிடுவேன்?" என்றான்.

 அவள் குனிந்து, பெரிய காயாக ஒன்றைப் பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வெட்டுங்க. ஆனா சுவரு கிடைக்கலைன்னா இந்த வருஷம் முழுக்க உங்களுக்குப் பூசணி கிடையாது. இலைக் கறியும் கிடையாது."

சுவர் கிடைக்கவில்லை. கன்னங்கரேலென்று, வெண்ணெய் மாதிரி மிருதுவாக மண் வந்தது. நடுவில் சில உடைந்த பானை ஓடுகள். மலாமாவுக்குப் புல்லரித்தது.

"அடுப்புச் சாம்பல்! கலிமாவோட பொண்டாட்டிங்க சமைச்ச இடம்!" என்று மண்டியிட்டான். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றி நெற்றியில் பூசிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த ஊரும் வரிசையில் வந்து பூசிக்கொண்டது. மிச்சத்தை வெள்ளைத் துணியில் முடிந்து பத்திரப்படுத்தினான்.

சாயங்காலம் அந்த நெற்றியோடு சிபேசா அம்மாவின் முற்றத்துக்குப் போனான். அவள் காய்ச்சுகிற கேழ்வரகு பீருக்கு ஓடையின் இரண்டு கரையும் அடிமை. பானைக்குள் நாணல் குழலைப் போட்டு உறிஞ்சிக்கொண்டு, முன்யேலே ஊர்த்தலைவன் கபுங்வே ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். சிபேசா அம்மா அவனுடைய தங்கை. கலிமா ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"வாடா ஆட்டுக்குட்டி! நெத்தியில என்னடா கரி? பொண்டாட்டி கொள்ளிக்கட்டையால அடிச்சாளா?"

"இது எங்க முப்பாட்டன் அடுப்பு மண்ணு மச்சான். உன்னைமாதிரி நேத்து வந்த பூனைக்கெல்லாம் இது புரியாது."

இதைக் கேட்டு யாரும் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. கலிமாக்காரர்கள் ஆட்டுக் குலம். முன்யேலேக்காரர்கள் சிறுத்தைக் குலம். சிறுத்தை ஆட்டைத் தின்னும். அதனால் இந்த இரண்டு குலமும் ஒன்றை ஒன்று என்ன கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது எங்கள் வழக்கம். மாமன் மச்சான் கேலியாவது சாவு வீட்டு வாசலில் நின்றுவிடும். இது உள்ளேயும் வரும். மலாமாவின் தாய்மாமனைப் புதைக்கிற அன்று, வெட்டின குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டவன் இந்தக் கபுங்வேதான். "குழி நல்ல வசதியா இருக்கு, ஆட்டுக்கெல்லாம் எதுக்கு? கோழி குடுத்தா எந்திரிக்கிறேன்" என்று அடம்பிடித்தான். அழுதுகொண்டிருந்த மலாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழியை வாங்கிக்கொண்டு எழுந்த கபுங்வே, அப்புறம் வேறு யாரையும் தொடவிடாமல் தானே குழியை மூடினான். மூடி முடித்தபோது அவன் கண்ணும் சிவந்திருந்தது.

ஆனால் ஊர்ப் பெயர் விஷயத்தில் கபுங்வே விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"எங்க தாத்தா வந்தப்போ இந்தக் கரையில புல்லும் குரங்கும்தான்டா இருந்துச்சு. நீ என்னத்த வேணா தோண்டு."

மலாமா வரைபடத்தைப் பானை மேல் விரித்தான். "வெள்ளைக்காரன் போட்ட மேப் இது. அவன் ஆட்டுக் குலமுமில்ல, சிறுத்தைக் குலமுமில்ல. பொய் சொல்ல மாட்டான்."

பீர் தீரத் தீரப் பானையில் வெந்நீர் ஊற்ற வந்த சிபேசா அம்மா எட்டிப் பார்த்தாள். "எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது. அதுல என்னென்ன போட்டிருக்கு தலைவரே?"

"இதோ, ஓடை வளையிற இடத்துல தலைவரோட பெரிய வீடு. நம்ம லோம்பே அம்மா பூசணி போட்டிருக்கிற மூலை. இதோ, தலைவர் வீட்டுப் பெண்கள் குளிக்கும் தெளிந்த குளம். இதோ, ஓடையைக் கடக்க ஆழமில்லாத நல்ல துறை."

சிபேசா அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கையிலிருந்த வெந்நீர் தன் காலிலேயே கொட்டியதுகூடத் தெரியாமல் உள்ளே ஓடினாள். உள்ளிருந்து ஒரு ஊளை கேட்டது.

"என்ன தங்கச்சி, வெந்நீர் கொட்டிருச்சா?" என்று கபுங்வே கத்தினான்.

"ஒண்ணுமில்லண்ணே!" என்று மூச்சுத் திணறலாகப் பதில் வந்தது. "தலைவரே, ராஜா வர்ற அன்னிக்கு எனக்கு முன்வரிசையில இடம் போட்டு வைங்க!"

"பார்த்தியா, உன் தங்கச்சியே என் பக்கம்" என்றான் மலாமா.

அடுப்பு மண்ணை மட்டும் காட்டினால் ராஜா நம்புவாரா என்று மறுநாள் அவனுக்குச் சந்தேகம் வந்தது. அப்படியானால் குளத்தையும் காட்டிவிட வேண்டியதுதான். வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அது கொண்டுபோய் நிறுத்தின இடம், ஊர்ப் பெண்கள் மரவள்ளி ஊறப்போடுகிற குட்டை. மரவள்ளி ஊறினால் எப்படி நாறும் என்று ஊறப்போட்டவர்களுக்குத்தான் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மலாமா பரவசமடைந்தான்.

"எல்லாரும் கிழங்கை எடுங்க! இது ராணிங்க குளிச்ச குளம். இதைப் போய் நாறடிச்சு வெச்சிருக்கீங்களே!"

"தலைவரே, எங்க அம்மா காலத்துலயிருந்து இங்கதான் ஊறப்போடுறோம்" என்றாள் ஒருத்தி.

"அதுதான் தப்பு. தண்ணியை இறைச்சுவிட்டா ரெண்டே நாள்ல தெளிஞ்சிரும்."

"கிழங்கு ஊறலைன்னா மாவு ஏது? மாவு இல்லன்னா களி ஏது? ராஜா வர்ற அன்னிக்கு அவருக்கு மேப்பையா பிசைஞ்சு போடுவீங்க?"

மலாமா கேட்கவில்லை. பெண்கள் சொட்டச் சொட்டக் கிழங்குக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, மரப்பாலத்தைக் கடந்து முன்யேலேவுக்குப் போனார்கள். கபுங்வே கரையிலேயே நின்று வரவேற்றான்.

"வாங்க தங்கச்சிங்களா, வாங்க! எங்க குட்டையில எந்த ராணியும் குளிச்சதில்ல. தாராளமா ஊறப்போடுங்க!"

குட்டை தெளியவில்லை. இறைக்க இறைக்க அடிச்சேறு கலங்கி, நாற்றம் ஊருக்குள் வந்துவிட்டது. முன்பெல்லாம் குட்டைக்குப் போனால்தான் நாறும். இப்போது குட்டை வீடு வீடாக வந்தது. லோம்பே அம்மா கணவனுக்கு வெறும் வேர்க்கடலையை வைத்துவிட்டுப் போனாள்.

இனி ராஜாவைக் குட்டைப் பக்கமாகக் கூட்டிவரவே முடியாது. வேறு வழி வேண்டும். கவலை என்ன? அதுதான் வரைபடத்தில் இருக்கிறதே, ஆழமில்லாத நல்ல துறை! மரப்பாலத்தில் பிக்கப் ஏறாது. துறையில் இறங்கி நேராகப் பூசணித் தோட்டத்துக்கே வந்துவிடலாம். மலாமா வரைபடத்துக்கு முத்தம் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை ராஜாவின் சேவகர் வழி பார்க்க வந்தார். புது மோட்டார் சைக்கிள், இஸ்திரி போட்ட காக்கி, முழங்கால்வரை பளபளக்கிற பூட்ஸ்.

"துறை எங்கய்யா?"

"இதோ, நேரா இறங்குங்க. வெள்ளைக்காரனே எழுதியிருக்கான்."

"வெறும் கோரையா இருக்கே?"

"கோரை மேலாப்புலதான் சார். கீழ கெட்டித் தரை."

சேவகர் வண்டியை இறக்கினார். முன்சக்கரம் போயிற்று. பின்சக்கரம் போயிற்று. சேவகர் இடுப்புவரை போய் நின்றபோது, "கெட்டித் தரை இன்னும் எவ்வளவு கீழய்யா?" என்று கேட்டார்.

கைகொடுக்கப் போன மலாமாவும் மார்புவரை இறங்கிவிட்டான். வரைபடத்தை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

அக்கரையிலிருந்து கபுங்வே கயிற்றோடு ஓடிவந்தான். முன்யேலே ஆட்கள் சேர்ந்து இழுத்ததில் முதலில் சேவகர் வந்தார், பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது, கடைசியில் மலாமா வந்தான். சேவகரின் ஒரு பூட்ஸ் வரவேயில்லை.

"மச்சான், ஆடு சேத்துல இறங்காதுன்னு சொல்வாங்களே, உனக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டுக்கொண்டே, கபுங்வே அவன் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டான். சேவகர் முன்யேலேவில் குளித்து, முன்யேலேவில் சாப்பிட்டு, கலிமா மரவள்ளியில் கிண்டின களியைப் புகழ்ந்துவிட்டு, ஒற்றைப் பூட்ஸோடு திரும்பிப் போனார்.

அன்றைக்கு மலாமா சைக்கிள் கடையைத் திறக்கவே இல்லை. பூசணிக் குழியின் ஓரமாக உட்கார்ந்திருந்தான். லோம்பே அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட வாங்க."

"அந்த மேப்ல மூணு இடம் இருந்துச்சு. ரெண்டு போயிருச்சு."

"மூணாவது இருக்குல்ல? மண்ணை முடிஞ்சு வெச்சிருக்கீங்கல்ல? வாங்க, பூசணி சமைச்சிருக்கேன்."

"சுவருதான் கிடைக்கலையே?"

"அதுக்காக மனுஷனைப் பட்டினி போடவா முடியும்?" என்றாள். மலாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை ராஜா முன்யேலே பக்கமாகவே வந்தார். பிக்கப்பை அங்கேயே நிறுத்தி, அங்கே கொடுத்த கோழியைத் தின்று, மரப்பாலத்தில் நடந்து கலிமாவுக்கு வந்தார். கூடவே சேவகர், இன்று ரப்பர் செருப்பில். இரண்டு ஊரும் பூசணிக் குழியைச் சுற்றிக் கூடிவிட்டது. சிபேசா அம்மா முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ராஜாவைப் பார்த்து எங்கள் முறைப்படி கைதட்டி வணங்கிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

குழியின் ஓரமாகப் பாய் விரித்து ராஜாவின் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். மலாமா வெள்ளைத் துணியை அவிழ்த்தான்.

"ராஜா, இது எங்க கலிமாவோட பெரிய வீட்டு அடுப்பு மண்ணு. எங்க நெத்தியில எல்லாம் பூசியிருக்கோம். நீங்களும் ஆசீர்வாதமா ஏத்துக்கணும்."

முன்னோர் மண்ணுக்கு மரியாதை கொடுக்கிறவர் எங்கள் ராஜா. தொப்பியைக் கழற்றினார். மலாமா ஒரு சிட்டிகை அல்ல, கை நிறைய அள்ளி, நெற்றி முழுக்கப் பட்டையாகப் பூசினான். சேவகருக்கும் பூசினான். சிபேசா அம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர்கள், ராஜாவைக் கண்ட பக்தியில் அழுகிறாள் என்று நினைத்துத் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ராஜா வரைபடத்தை வாங்கி மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"குளம்னு போட்டிருக்கு. அந்தப் பக்கம் காத்தடிச்சா நிக்க முடியல."

"இறைச்சா தெளியும் ராஜா..."

"துறைன்னு போட்டிருக்கு. என் ஆளோட பூட்ஸ் இன்னும் அதுக்குள்ள இருக்கு."

சேவகர் தன் ரப்பர் செருப்பைச் சோகமாகப் பார்த்தார்.

"வீடுன்னு போட்டிருக்கு. குழியில சுவரும் இல்ல, ஒரு கம்பம் நட்ட தடமும் இல்ல. மலாமா, நீ நல்லவன். உன் மாமனையும் எனக்குத் தெரியும். ஆனா இது இந்த ஊரு மேப்தானா?"

கபுங்வே எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். "வேற எந்த ஊரு மேப்போ ராஜா. பேரும் இல்ல. எங்க தாத்தா இந்தக் கரைக்கு வந்தப்போ, ஊரென்ன, இங்க ஒரு ஆட்டுப் புழுக்கைகூடக் கிடையாது."

சுற்றி இருந்த ஆட்டுக் குலத்தார் தலை குனிந்தார்கள். கேலிக்குக் கோபப்படக் கூடாது என்பது வழக்கம். வயிறு எரியக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. மலாமா தாய்மாமனை நினைத்துக்கொண்டான். பேரை விட்டுவிட்டேனே மாமா என்று உதடு அசைந்தது.

ராஜா தொண்டையைச் செருமினார். "அப்ப நான் சொல்லிடுறேன். இனிமே ரெண்டு ஊருக்கும் பேரு மு—"

முந்தானை வாயிலிருந்து தெறித்தது. சிபேசா அம்மா பாயில் விழுந்து புரண்டு சிரித்தாள். எழுந்து உட்கார்ந்து ராஜாவின் நெற்றியைப் பார்த்தாள், மறுபடியும் விழுந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் ராஜா.

கபுங்வேவுக்கு எதுவோ சட்டென்று ஞாபகம் வந்தாற்போல் முகம் மாறியது. "தங்கச்சி, வேண்டாம். வீட்டுக்குப் போ. சொல்றேன்ல, வேண்டாம்!"

"போண்ணே! ஊர் பேரு கிடக்குது. தாத்தா போட்ட கேலி இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பழுத்திருக்கு, நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ராஜாவின் பக்கம் திரும்பினாள். "ராஜா, மன்னிக்கணும். மேப் போட வந்த வெள்ளைக்காரன் காய்ச்சல்ல அந்தக் குன்று மேல கூடாரத்துலயே படுத்துக்கிட்டான். கீழ பார்த்துட்டு வந்து எது எதுன்னு கை காட்டினது எங்க தாத்தா. ஆட்டுக்காரங்க ஊரை ஒரு சிறுத்தைகிட்ட விட்டா என்ன ஆகும்? சேத்தைத் துறைன்னாரு. மரவள்ளிக் குட்டையை ராணி குளிக்கிற குளம்னாரு. அவங்க கக்கூஸைப் பெரிய வீடுன்னாரு. சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

ராஜாவின் கை மெதுவாக நெற்றிக்குப் போயிற்று.

"எங்க அண்ணன் சொன்னதை நம்பாதீங்க ராஜா. எங்க தாத்தா வந்தப்போ இங்க ஆட்டுப் புழுக்கை நிறைய இருந்துச்சு. இப்ப உங்க நெத்தியில இருக்கே, அதுதான்!"